காலேஜ் ஹாஸ்டல் ரூமை நிம்மதியா தங்குற மாதிரி ஆக்குறது எப்படி: தூக்கம், காத்து, தண்ணி, துணி

கவுன்சிலிங் முடிஞ்சு சீட்டு கன்ஃபர்ம் ஆனதுமே வீட்ல லிஸ்ட் போட ஆரம்பிச்சிருவாங்க, பக்கெட்டு, தலகாணி, ட்ரங்குப் பெட்டி, கெட்டில், டேபிள் லேம்ப்புன்னு அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போகும். இதெல்லாம் வாங்கிட்டுப் போய் இறக்குன முதல் வாரத்துலயே பாதி சாமான் கட்டிலுக்கு அடியில போயிரும், ராத்திரி ரெண்டு மணிக்குப் புழுக்கத்துல புரண்டுகிட்டு இருக்கும்போதுதான் ஹாஸ்டல்ல வசதிங்கிறது உண்மையில எதுல இருக்குன்னு புரியும். நான் தமிழ்நாட்டுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல படிப்பு முடியற வரைக்கும் இருந்தவன், இப்ப சொந்தக்காரப் பசங்க, தெரிஞ்சவங்க பிள்ளைங்க யார் ஹாஸ்டல்ல சேர்ந்தாலும் கூடப் போய் ரூமைப் பார்த்துக் குடுக்குறேன். என் கருத்து ஒண்ணுதான், தூக்கம், காத்து, தண்ணி, துணி காயறது இந்த நாலையும் முதல் வாரத்துலயே சரி பண்ணிட்டீங்கன்னா மிச்சத்தை மெதுவா ஒண்ணொண்ணா பார்த்துக்கலாம், இந்த நாலு சரியில்லன்னா எவ்வளவு சாமான் வாங்கி அடுக்குனாலும் படிக்கிற பிள்ளைக்கு நிம்மதி இருக்காது. இதுல முக்கால்வாசி காசு செலவே இல்லாத வேலை, கேட்டு வாங்க வேண்டிய வேலை.

சேர்றதுக்கு முன்னாடியே ஒரு விஷயம். காலேஜ் ஹாஸ்டல் கெடைக்காம வெளியில தனியார் ஹாஸ்டல், பிஜி (பேயிங் கெஸ்ட்)ன்னு பார்க்கிறவங்க, அதுலயும் பொண்ணுங்களுக்குப் பார்க்கிறவங்க, முதல் கேள்வியா லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. பெண்கள், குழந்தைகள் தங்குற விடுதி, இல்லங்களுக்குன்னே 2014-ல தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு, கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்காம நடத்தக் கூடாது. கேட்டா கோவப்படுற ஓனர்கிட்ட பிள்ளையை விடாதீங்க, அவ்வளவுதான். அப்புறம் பில்லுல ஜிஎஸ்டின்னு தனியா போட்டு வாங்குனா ஏன்னு கேளுங்க, 2024 ஜூன்ல நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துலயே ஒரு ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய் வரைக்கும் இருக்கிற தங்குற கட்டணத்துக்கு, தொடர்ந்து 90 நாளாவது தங்குறதா இருந்தா, வரி கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வீட்ல வருமானம் கம்மின்னா தனியார் பக்கமே போக வேண்டாம், அரசு விடுதிகள் இருக்கு, 2025-ல இருந்து அதுக்கெல்லாம் சமூகநீதி விடுதின்னு பேரு, தங்குறது சாப்பாடு ரெண்டும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதின்னா பெத்தவங்க வருஷ வருமானம் 2.50 லட்சத்துக்குள்ள இருக்கணும், வீட்டுக்கும் காலேஜுக்கும் இவ்வளவு தூரம் இருக்கணும்ங்கிற விதி பொண்ணுங்களுக்குக் கிடையாது. வருமானச் சான்றிதழை முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க, அட்மிஷன் நேரத்துல எல்லாரும் ஒரே நேரத்துல இ-சேவை மையத்துக்கு ஓடுவாங்க.

இப்ப ரூமுக்கு வருவோம். சில ஹாஸ்டல்ல ரூமை அவங்களே ஒதுக்கிருவாங்க, உங்களுக்குச் சாய்ஸ் இருந்தா மட்டும் இதைப் பாருங்க. மேல் மாடி, அதாவது மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ஃப்ளோர் வேண்டாம், பகல் முழுக்க வெயில் குடிச்ச தளம் ராத்திரி பூரா அந்தச் சூட்டை ரூமுக்குள்ளதான் விடும், ஃபேனைப் போட்டா அந்தச் சூடான காத்தையே மேல இருந்து கீழ தள்ளும். மேற்கு பார்த்த செவுரும் அதே கதைதான், சாயங்காலம் ஏழு மணிக்குக் கையை வச்சுப் பார்த்தா சுடும். தரைத்தளத்துல வெயில் கம்மி ஆனா கொசு, ஈரம், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்க முடியாத நிலைமை. நடு ஃப்ளோர்ல, ஒரு பக்கம் ஜன்னல் எதிர்ப்பக்கம் கதவுன்னு காத்து உள்ள வந்து வெளிய போற மாதிரி ரூம் கெடைச்சா விடாதீங்க. பாத்ரூமுக்கு ரொம்பப் பக்கமும் வேண்டாம், ராத்திரி பூரா கதவு சத்தமும் ஈர வாடையும், ரொம்ப தூரமும் வேண்டாம், மூணு நாலு ரூம் தள்ளி இருந்தா சரியா இருக்கும்.

ரூமுக்குள்ள நுழைஞ்சதும் சாமானைப் பிரிக்காதீங்க. முதல்ல ஃபேனைப் போட்டு ரெகுலேட்டரை அஞ்சுல வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. அஞ்சுல வச்சும் றெக்கை தனித்தனியா கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு மெதுவா சுத்துதுன்னா, இல்ல குச்சியால ஒரு தள்ளு தள்ளுனாத்தான் சுத்த ஆரம்பிக்குதுன்னா, முக்கால்வாசி நேரம் அது கண்டன்சர் போனதுதான். ஃபேன் கம்பி மேல கப்பு மாதிரி இருக்குல்ல, அதுக்குள்ள உக்காந்திருக்கிற சின்ன டப்பி, பெரும்பாலான சீலிங் ஃபேன்ல 2.5 மைக்ரோஃபாரட், எலக்ட்ரிக்கல் கடையில சொற்ப விலை, மாத்துறதுக்குப் பத்து நிமிஷம் ஆகாது. ஆனா வார்டன் ஆபீஸ்ல போய் "சார் ஃபேன் சரியா ஓடல"ன்னு சொன்னா அது அப்படியே கெடக்கும், "ரூம் நம்பர் இது, ஃபேன் தள்ளி விட்டாத்தான் ஓடுது, கண்டன்சர் மாத்தணும்"னு கம்ப்ளெயின்ட் நோட்டுல தேதியோட எழுதிட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா அன்னைக்குச் சாயங்காலமே ஆள் வந்துரும். எங்க ஃப்ளோர்ல நாலு ரூம்ல மாசக்கணக்கா எருமை மாதிரி அசைஞ்சுகிட்டு இருந்த ஃபேன் எல்லாம் ஒரே மத்தியானத்துல சரியானதைக் கண்ணால பார்த்திருக்கேன், அதுவரைக்கும் அந்த ரூம் பசங்க எல்லாம் பாயைத் தூக்கிட்டு வராண்டாவுல படுத்துகிட்டு இருந்தாங்க. நீங்களே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டாதீங்க, கண்டன்சர்ல ஸ்விட்ச் ஆஃப் பண்ணின பிறகும் சார்ஜ் நிக்கும்.

கூலர் வாங்கலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. அனுமதி இருக்கான்னு முதல்ல கேளுங்க, இருந்தாலும் ஊரைப் பார்த்து வாங்குங்க. தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும், அதை வச்சுத்தான் கூலர் வேலை செய்யுது, அதனால காத்து காஞ்சு இருக்கிற மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் வெயில் நாள்ல நல்லா வேலை செய்யும், சென்னை மாதிரி கடலோரத்துல ஏற்கனவே காத்துல ஈரம் ததும்புது, அங்க கூலர் போட்டா உடம்பு பிசுபிசுன்னுதான் ஆகும், புக்கு கூட நமுத்துப் போகும். சென்னையில இருக்கிறவங்க அந்தக் காசுக்கு ஒரு நல்ல டேபிள் ஃபேன் வாங்கி ராத்திரி ஜன்னல் பக்கமா வச்சு வெளிக் காத்தை உள்ள இழுக்கிற மாதிரி பண்ணுங்க, அது எவ்வளவோ மேல்.

அடுத்தது கட்டில், இதுக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கச் சொல்வேன். மெத்தையை வீட்ல இருந்தே வாங்கிட்டுப் போகாதீங்க, ஹாஸ்டல் கட்டில் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு அளவு, 6 அடிக்கு ரெண்டரையும் இருக்கும், மூணும் இருக்கும், அளந்துட்டு அந்த ஊர்லயே வாங்குங்க. எந்த மெத்தைன்னு கேட்டா என் ஓட்டு தென்னை நார் மெத்தைக்கு, கொஞ்சம் கெட்டியா இருக்கும் ஆனா காத்து போகும், முதுகுக்கும் நல்லது. மலிவு ஃபோம் மெத்தை நம்ம ஊர் வெயிலுக்கு அடுப்பு மேல படுத்த மாதிரிதான். இலவம்பஞ்சு மெத்தை போடியில இருந்து சொந்தக்காரங்க யாராவது குடுத்து விட்டா தாராளமா எடுத்துட்டுப் போங்க, சுகமா இருக்கும், ஆனா மாசம் ஒரு தடவையாவது மாடியில வெயில்ல போட்டுத் தட்டணும், இல்லன்னா கட்டி கட்டியா ஆயிரும். கூடவே ஒரு கோரைப்பாய் அவசியம் வாங்குங்க, சித்திரை வெயில்ல மெத்தைக்கு மேல பாயை விரிச்சுப் படுத்தா முதுகு வேர்க்காது, குரூப்பா தரையில உக்காந்து படிக்கவும் ஆகும். போர்வைக்கு அம்மாவோட பழைய காட்டன் புடவையை ரெண்டா மடிச்சுத் தச்சு எடுத்துட்டுப் போங்க, துவைச்சா ஒரு மணி நேரத்துல காயும், இன்னொரு புடவையைக் கயித்துல போட்டா பங்க் கட்டில் கீழ்த்தட்டுக்குத் திரை, ரூம்மேட் லைட் போட்டுப் படிச்சாலும் நீங்க தூங்கலாம்.

மெத்தையை விரிக்கிறதுக்கு முன்னாடி மூட்டைப்பூச்சி செக் பண்றது கட்டாயம். போன் டார்ச்சை அடிச்சு கட்டில் கால் சேர்ற மூலை, நட்டு போல்ட் ஓட்டை, ப்ளைவுட் பலகையோட அடிப்பக்கம், செவுத்துல இருக்கிற விரிசல் எல்லாத்தையும் பாருங்க, பேனா மையைப் புள்ளி புள்ளியா வச்ச மாதிரி கறுப்புக் கறை, உமி மாதிரி பழுப்புத் தோல் இருந்துச்சுன்னா பூச்சி இருக்குன்னு அர்த்தம். போன வருஷப் பசங்க காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சே, செத்திருக்கும்னு நினைக்காதீங்க, ரத்தமே குடிக்காம மாசக்கணக்குல அது உயிரோட இருக்கும். இரும்புக் கட்டில்னா வெளிய இழுத்துப் போட்டு மெஸ் அண்ணன்கிட்ட கொதிக்கிற தண்ணி வாங்கி மூலை முடுக்கு, ஓட்டை எல்லாத்துலயும் ஊத்துங்க, வெயில்ல நல்லா காய விட்டு உள்ள கொண்டு வாங்க, சூடு பட்டா பூச்சியும் சாகும் முட்டையும் சாகும். அந்துருண்டை போட்டா போகும்னு சொல்றதை நம்பாதீங்க, வாசனைதான் மிச்சம். உங்க ரூம்ல மட்டும் மருந்து அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல, பக்கத்து ரூமுக்குப் போய்ட்டு திரும்ப வரும், அதனால ஃப்ளோர் முழுக்க ஒரே நாள்ல அடிக்கச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுங்க, அதுலயே ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை அடிக்கணும்னும் எழுதுங்க, ஏன்னா முட்டைக்கு மருந்து அவ்வளவா ஏறாது, அது பொரிச்சு வந்த பிறகு அடிச்சாத்தான் சங்கிலி அறும்.

இதுல ஒண்ணை மட்டும் அழுத்தமா சொல்றேன், தயவுசெஞ்சு கேளுங்க. தானியத்துக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையை மூட்டைப்பூச்சிக்குன்னு வாங்கி ரூம்ல வைக்காதீங்க, யார் சொன்னாலும் வைக்காதீங்க. ஈரக் காத்து பட்டதும் அதுல இருந்து பாஸ்பீன் வாயு வரும், அது கொடிய விஷம், மாத்து மருந்தே கிடையாது, அந்த ரூம்ல மட்டும் இல்லாம பக்கத்து ரூம்ல தூங்குறவன் உயிரும் போகும்.

கொசுவுக்கு ஒத்தக் கட்டில் வலை, மடிச்சு வைக்கிற மாதிரி வரும், அதை வாங்குங்க. சுருள் கொளுத்தி மூடின ரூம்ல மூணு பேர் விடிய விடிய அந்தப் புகையை இழுக்கிறது நல்லதில்ல. டெங்கு கொசு பகல்ல கடிக்கிற கொசு, அது நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், முட்டையில இருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால லீவுக்கு ஊருக்குப் போகும்போது பக்கெட்டுல தண்ணியை நிறைச்சு வச்சுட்டுப் போற பழக்கத்தை விட்டுருங்க, கவுத்து வச்சுட்டுப் போங்க.

கரண்ட் விஷயத்துல ஒரு சின்ன கணக்கு தெரிஞ்சா போதும். செவுத்துல இருக்கிற சின்ன பாயின்ட் 6 ஆம்ப், நம்ம ஊர் வோல்டேஜ் 230, பெருக்குனா 1,380 வாட், அதுதான் அந்த பாயின்ட்டோட எல்லை. கடையில விக்கிற கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட், இன்டக்‌ஷன் அடுப்பு அதுக்கும் மேல, பக்கெட்டுல போடுற ஹீட்டர் ராடும் அதே ரகம், இதுக்கெல்லாம் 16 ஆம்ப் பெரிய பாயின்ட் வேணும், ஹாஸ்டல் ரூம்ல அது இருக்காது. அதுல போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு கெட்டிலைச் சொருகுனா வயர் சூடாகி உருகும், ஒரு நாள் ஃப்ளோர் பூரா இருட்டாகும், இல்ல தீ பிடிக்கும், வார்டன் பறிமுதல் பண்றதுக்கு இதுதான் காரணம். லேப்டாப் சார்ஜர் 65 வாட் அளவுதான், போன் சார்ஜர் அதுலயும் கம்மி, எல்ஈடி லேம்ப் பத்து வாட் கூட வராது, இது எல்லாத்தையும் ஒரே பாக்ஸ்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது. அதனால ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, நாலு மீட்டர் வயர் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு நல்லதா வாங்குங்க, கட்டில் வரைக்கும் எட்டும். சுடுதண்ணிக்கு ஃப்ளாஸ்க் வாங்கி சாயங்காலம் மெஸ்ல பிடிச்சு வச்சுக்கோங்க, ராத்திரி காபித்தூள் கலக்க அது போதும். ஹீட்டர் ராடு போட்ட தண்ணியில கை வச்சு ஷாக் அடிக்கிற ஆபத்து இருக்கு, வேண்டவே வேண்டாம், ஊட்டி, குன்னூர் பக்கம் படிக்கிறவங்க சுடுதண்ணி எத்தனை மணிக்கு வரும்னு சேர்றப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

தண்ணியைப் பொறுத்தவரை குடிக்கிறது வேற, குளிக்கிறது வேற. குடிக்கிறதுக்கு ஆர்ஓ ப்ளான்ட் எங்க இருக்கு, கடைசியா ஃபில்டர் எப்ப மாத்துனாங்க, மேல் டேங்க் எப்ப கழுவுனாங்க, இந்த மூணையும் கேளுங்க, நல்ல ஹாஸ்டல்ல டேங்க் மேலயே தேதி பெயின்ட் அடிச்சு எழுதியிருக்கும். ஒரு ஃப்ளோர்ல ரெண்டு மூணு பேருக்கு ஒரே சமயத்துல மஞ்சக்காமாலையோ டைஃபாய்டோ வந்துச்சுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது தண்ணியைத்தான், அன்னைக்கே வார்டன்கிட்ட எழுதிக் குடுங்க, சரியாகுற வரைக்கும் கேன் தண்ணி கேட்டு வாங்குங்க. குளிக்கிற தண்ணி நிறைய இடத்துல போர்வெல் தண்ணிதான், உப்பா இருக்கும், சோப்பு நுரைக்காது, முடி வறண்டு போகும், பயப்பட வேண்டாம், கடைசி ஒரு மக்கு தண்ணி மட்டும் நல்ல தண்ணியா எடுத்து தலைக்கு ஊத்திட்டு வந்தா வித்தியாசம் தெரியும். காலையில ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் பாத்ரூம் வாசல்ல பக்கெட்டு வரிசை நிக்கும், அந்த நேரத்துல மோட்டாரும் ஓஞ்சிரும், அதனால ஆறு மணிக்கு முன்னாடி குளிங்க, முடியலன்னா ராத்திரியே குளிச்சுட்டுப் படுங்க, வேர்வை போய்ப் படுத்தா தூக்கமும் நல்லா வரும். பக்கெட்டுக்கு மூடி இருக்கிறதா வாங்கி, பக்கவாட்டுல பேரை பெயின்ட்ல எழுதுங்க, மார்க்கர்ல எழுதுனா நாலு நாள்ல அழிஞ்சிரும்.

பொண்ணுங்க ஹாஸ்டல் பார்க்கப் போறவங்க பாத்ரூமை உள்ள போய் பாருங்க, தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதா, ராத்திரி வராண்டா லைட் எரியுமா, நாப்கின் போட மூடி வச்ச தொட்டி இருக்கா, எரிக்கிற மெஷின் இருந்தா அது ஓடுதா. கேக்கத் தயங்காதீங்க, கூட அப்பா வந்திருந்தாலும் கேளுங்க, ஃபீஸ் கட்டுறோம்.

துணி விஷயத்தை யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா ஹாஸ்டல் பசங்களுக்கு வர்ற தோல் வியாதி பெரும்பாலும் காயாத துணியில இருந்துதான் ஆரம்பிக்குது. மொத்தமான டர்க்கி டவல் வேண்டாம், அது காயவே காயாது, ஈரிழைத் துண்டு இல்ல சென்னிமலை, ஈரோடு பக்கம் வர்ற மெல்லிசு துண்டு மூணு வாங்கிக்கோங்க, ஃபேனுக்குக் கீழ போட்டாலே காஞ்சிரும். ஜீன்ஸ் ரெண்டுக்கு மேல எடுத்துட்டுப் போகாதீங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை பிடிச்சுக்கிட்டா துவைச்ச ஜீன்ஸ் மூணு நாள் சொட்டும். நைலான் கயிறு பத்து மீட்டர், க்ளிப் ரெண்டு டஜன் வாங்குங்க, க்ளிப் இல்லாம மாடியில போட்ட துணி பக்கத்து ப்ளாக்குல கெடக்கும். உள்ளாடையைக் கூச்சப்பட்டுக்கிட்டு சட்டைக்கு அடியில மறைச்சுக் காயப் போடாதீங்க, அதுக்குத்தான் வெயில் அதிகம் தேவை. தொடை இடுக்குல, இடுப்புல வட்டமா அரிப்பு எடுத்துச்சுன்னா அது படர்தாமரை, அடுத்தவன் துண்டு, அடுத்தவன் ஷார்ட்ஸ் போடுறதால ஃப்ளோர் பூரா பரவும். மெடிக்கல்ல போய் அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்கன்னு கேட்டா ஸ்டீராய்டு கலந்த ட்யூபைக் குடுத்துருவாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு நின்ன மாதிரி இருக்கும், அப்புறம் இன்னும் பெருசா பரவி மருந்துக்கே அடங்காம நிக்கும், தோல் டாக்டருங்க கத்திக் கத்திச் சொல்றது இதைத்தான். ஒரு தடவை தோல் டாக்டரைப் பார்த்து அவர் சொன்ன நாள் முழுக்க மருந்து போடுங்க, பாதியில நிறுத்தாதீங்க.

சாப்பாடு தனிக் கட்டுரை எழுதுற அளவுக்கு இருக்கு, இங்க ரெண்டே விஷயம். அரசு காலேஜ் ஹாஸ்டல் நிறைய இடத்துல டிவைடிங் சிஸ்டம், அதாவது மாசம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை எல்லாரும் சாப்பிட்ட மொத்த நாளால வகுத்து, அதை நீங்க சாப்பிட்ட நாளால பெருக்கி பில் போடுவாங்க. இதுல லீவு போகும்போது முன்கூட்டியே எழுதிக் குடுத்தாத்தான் அந்த நாளைக் கழிப்பாங்க, எத்தனை நாள் தொடர்ந்து போனா கழிக்கலாம்னு ஒவ்வொரு ஹாஸ்டலுக்கும் ஒரு விதி இருக்கும், முதல் மாசமே தெரிஞ்சுக்கோங்க. மாசக் கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க, மெஸ் கமிட்டியில இடம் இருந்தா சேருங்க, காய் வாங்கப் போகும்போது கூடப் போன பசங்களுக்குத்தான் தக்காளி விலை ஏறுனா ஏன் சாம்பார் தண்ணியாகுதுன்னு தெரியும், குறையையும் சரியான ஆள்கிட்ட சொல்லத் தெரியும். ரெண்டாவது, வீட்ல இருந்து இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், தட்டை, முறுக்கு எடுத்துட்டுப் போங்க, மெஸ்ல சாப்பாடு இறங்காத அன்னைக்குச் சோத்துல பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைஞ்சா ராத்திரி பசியோட படுக்க வேண்டாம். எவர்சில்வர் தூக்குலயோ இறுக்கமான டப்பாவுலயோ வைங்க, இல்லன்னா எறும்பு முதல்ல வரும், அடுத்து எலி வரும். சென்னை ஐஐடி மாதிரி கிண்டி காட்டை ஒட்டி இருக்கிற கேம்பஸ்ல குரங்கும் வரும், ஜன்னலோரம் திங்கிற சாமான் வைக்காதீங்க, வெளிய போகும்போது ஜன்னலைச் சாத்துங்க.

ரூம்மேட் கூடப் பேசித் தீர்க்க வேண்டியதை முதல் வாரத்துலயே பேசிருங்க, ஒருத்தருக்கொருத்தர் இன்னும் மரியாதையா இருக்கிற நேரம் அது. பெரிய லைட் எத்தனை மணிக்கு அணைக்கணும், அதுக்கு மேல படிக்கிறவன் க்ளிப் லேம்ப் போட்டுக்கணும், போன் பேசறதுன்னா வராண்டாவுக்குப் போகணும், ஸ்பீக்கர்ல பாட்டு கூடாது, அலாரம் ஒரு தடவை அடிச்சா எந்திரிக்கணும் இல்ல வாட்ச்ல வைப்ரேஷன் வச்சுக்கணும், யார் எந்த நாள் கூட்டணும். இதுல கூட்டுற முறையை ஒரு பேப்பர்ல எழுதிக் கதவுக்குப் பின்னாடி ஒட்டுங்க, வாயால பேசுனது ரெண்டாவது வாரத்துல மறந்து போகும். வெளி மாநிலப் பையன் ரூம்மேட்டா வந்தா அவன் சாப்பாடு, பண்டிகை, தூங்குற நேரம் எல்லாம் வேறயா இருக்கும், கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, அவனுக்கு இங்க பாஷை தெரியாம எலக்ட்ரீஷியன்கிட்ட கூட ஒண்ணும் கேக்க முடியாது, நீங்கதான் அவனுக்காகவும் கேக்கணும். சீனியர்னு யாராவது ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு வம்பு பண்ணா பொறுத்துக்க வேண்டிய அவசியமே இல்ல, தமிழ்நாட்டுல 1997-லயே ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு, யுஜிசியோட 24 மணி நேர நம்பர் 1800-180-5522, போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க, அதே நம்பரை வீட்லயும் குடுத்துருங்க.

பூட்டு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், கப்போர்டுக்கு ஒண்ணு, ரூம் கதவுக்கு ஒண்ணு, சாவி மூணு வர்ற நல்ல பூட்டா வாங்குங்க, ஒரு சாவி வீட்ல இருக்கட்டும். லேப்டாப் திருட்டு பெரும்பாலும் குளிக்கப் போற பத்து நிமிஷத்துல நடக்கிறது, பக்கத்துலதானேன்னு கதவைச் சும்மா சாத்திட்டுப் போகாதீங்க. மருந்து டப்பாவுல பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், தெர்மாமீட்டர், பேண்டேஜ் போதும். காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டுச்சுன்னா டாக்டரைப் பார்க்கணும், டெங்கு சீசன்ல டாக்டர் சொல்லாம பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை போடக் கூடாது, சிலது ரத்தக் கசிவை அதிகமாக்கும். ராத்திரி ஒரு மணிக்கு உடம்பு முடியலன்னா யாரை எழுப்பணும், வண்டி எங்க இருக்கு, கேட் யார் திறப்பாங்க, இதை வார்டன்கிட்ட சேர்ற அன்னைக்கே பெத்தவங்க கேட்டுட்டு வரணும், நான் கூடப் போற எல்லா இடத்துலயும் முதல்ல கேக்குற கேள்வி இதுதான், பதில் சொல்லத் தடுமாறுனாங்கன்னா அந்த ஹாஸ்டலைப் பத்தி நல்லா யோசிப்பேன்.

கடைசியா பணம். சேர்ற அன்னைக்கே ரூமைச் சுத்தி போன்ல வீடியோ எடுங்க, உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி, கழண்ட கப்போர்டு கதவு, செவுத்துக் கறை, தேய்ஞ்ச மேஜை எல்லாம் தெரியிற மாதிரி எடுத்து வார்டன் ஆபீஸ் மெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அன்னைக்கே அனுப்பி வைங்க. காலி பண்ணும்போது காஷன் டெபாசிட்ல, அதாவது சேரும்போது வாங்கி வச்சுக்கிற முன்பணத்துல, கை வைக்கிறது இந்த மாதிரி பழைய உடைசலுக்குத்தான். டெபாசிட் கட்டின ரசீதைப் படிப்பு முடியிற வரைக்கும் தொலைக்காதீங்க, கடைசி செமஸ்டர்ல எக்ஸாம் முடிஞ்ச மறுநாள் எல்லாரும் பாக்கி ஒண்ணும் இல்லன்னு கையெழுத்து வாங்குற நோ ட்யூஸ் ஃபார்மோட மெஸ், லைப்ரரி, ஹாஸ்டல் ஆபீஸ்னு அலைவாங்க, நீங்க எக்ஸாமுக்கு ஒரு வாரம் முன்னாடியே மெஸ், லைப்ரரி கையெழுத்தை வாங்கி வச்சுருங்க, ரூம் சாவியை ஒப்படைக்கும்போது ரெஜிஸ்டர்ல உங்க கண் முன்னாடி தேதி போட்டு எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. மெத்தையைத் தூக்கிட்டுப் போக முடியலன்னா அடுத்த வருஷம் வர்ற ஜூனியருக்குக் குடுத்துருங்க, ஆனா டார்ச் அடிச்சுப் பூச்சி இல்லன்னு பார்த்துட்டுக் குடுங்க.